மூணாவது தட்டு

— கால் கிலோவா? அக்கா, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. நான் அப்துல் அஜீஸ், ஆட்டுக்கறிக் கடை. கோழிக்கடை அந்தப் பக்கம்.

— தெரியுது அஜீஸ். இருபது வருஷமா உங்ககிட்டதான வாங்கறேன். கால் கிலோ போதும்.

— அதான் கேக்குறேன். இருபது வருஷமா சனிக்கிழமைன்னா ரெண்டு கிலோ. அண்ணன் வேற பக்கத்துலயே நிக்கிறாரு. கால் கிலோன்னா எனக்குக் கத்தி நகர மாட்டேங்குது. இஞ்ஞாசி அண்ணே, வீட்டுல சண்டையா?

— சண்டையெல்லாம் இல்ல லா. நீ ரெண்டு கிலோவே வெட்டு. நெஞ்செலும்பு தனியா ஒரு கிலோ போடு, சூப்பு வைக்கணும்.

— ஏங்க...

— இளசாப் பார்த்துப் போடு அஜீஸ்.

— ஏங்க, பஸ்ல வரும்போது என்ன பேசினோம்? திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும். இன்னிக்கு சனிக்கிழமை. நடுவுல ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. அதுக்கு மூணு கிலோ கறியா?

— ஆஸ்பத்திரியா? அண்ணனுக்கு என்னக்கா?

— ஒண்ணுமில்ல அஜீஸ். வயித்துல ஒரு ஆபரேஷன்.

— கட்டியா?

— கட்டி இல்லப்பா, வயிறேதான். என் மாதிரி பெருத்தவங்களுக்கு இப்ப புதுசா செய்யறாங்க. ஆபீஸ்ல ஸ்டேப்ளர் இருக்குல்ல, பேப்பர்ல டக்கு டக்குன்னு அடிப்போமே, அந்த மாதிரி ஒண்ணு. வயித்துல வரிசையா அடிச்சு அடைச்சுருவாங்க. மேல கோழிமுட்டை அளவுக்கு ஒரு பை மட்டும் இருக்கும். அது ரொம்பிட்டா போதும்னு ஆயிடுமாம்.

— யா அல்லாஹ். கோழிமுட்டையா... அப்ப அண்ணன் எவ்வளவு சாப்பிடலாம்?

— நாலு ஸ்பூன், அஜீஸ்.

— ஒரு வாய்க்கா, அக்கா?

— ஒரு வேளைக்கு.

— என்னய்யா, கத்தியைக் கீழ வச்சுட்ட?

— அந்த நெஞ்செலும்பு என் கணக்குல இருக்கட்டும்ணே. சும்மா எடுத்துட்டுப் போங்க.

— மௌத் ஆன வீட்டுக்குக் குடுக்குற மாதிரி குடுக்குறியே.

— அப்படி இல்லண்ணே. நீங்க வந்து நின்னாத்தான் என் கடைக்கு ஒரு களை. ஆனா ஒண்ணு... இளைக்க வேண்டியவரு நீங்க, இளைச்சு நிக்கிறது அக்காவா இருக்கு. போன மாசம் பார்த்ததுக்கும் இன்னிக்கும் பாதி ஆளாயிட்டாங்க.

— அதெல்லாம் ஒண்ணுமில்ல அஜீஸ். புடவை கலரு அப்படி. பையைக் குடுங்க.

— எல்லாம் முடிவு பண்ணியாச்சா அப்ப?

— அவ முடிவு பண்ணிட்டா.

— நான் எங்க முடிவு பண்ணேன்? ஆசைப்பட்டது யாரு? சப்பரம் தூக்கணும், சப்பரம் தூக்கணும்னு ராத்திரி தூக்கத்துலகூட...

— சரி சரி, வா பிரிஜட். பின்னாடி ஆள் நிக்குது. வர்றேன் அஜீஸ்.

— துஆ செய்யறேன்ணே. நாலு ஸ்பூனா இருந்தாலும் என் கடைக் கறியா இருக்கட்டும்.

— ...

— ஏங்க, எங்க போறீங்க? பஸ் ஸ்டாப்பு இந்தப் பக்கம்.

— பஸ் வேணாம். ரேஸ் கோர்ஸ் ரோட்டோட நடந்து ஃபேரர் பார்க் திடலுக்குப் போவோம். கொஞ்சம் பேசணும்.

— நடந்தா? நீங்களா?

— ஏன், எனக்குக் காலு இல்லயா?

— இருக்கு. அது வீங்கி இருக்கு. பையைக் குடுங்க, நான் தூக்கறேன்.

— வேணாம். நீ எதையும் தூக்கக்கூடாது. கையை வீசிட்டு நட.

— இது என்ன புது மரியாதை? நூத்தி முப்பத்தெட்டு கிலோ ஆளு மூணு கிலோ கறியைத் தூக்கிட்டுப் போறாரு, வீட்டுக்காரி கையை வீசிட்டு வர்றா. பார்க்கிறவங்க என்னைத்தான் ஏசுவாங்க.

— நூத்தி முப்பத்தெட்டுன்னு இவ்வளவு சத்தமாச் சொல்லணுமா?

— நானா சொன்னேன்? உங்க ஸ்லிப்பு சொல்லுது.

— அந்த ஸ்லிப்பை இன்னும் வச்சிருக்கியா?

— பைபிளுக்குள்ள வச்சிருக்கேன். கிளினிக் தராசு நூத்தி இருபதோட முட்டிக்கிட்டு நின்னுச்சு. டாக்டரம்மா எடை தெரியாம ஆபரேஷனுக்குப் பேர் எழுத முடியாதுன்னுட்டாங்க. நீங்க என்ன பண்ணீங்க? ஹார்பர்ல உங்க ஸ்டோர்லயே, சரக்கு நிறுக்கிற தராசுல...

— தராசுக்கார வேலாயுதம்தான் ஏறுங்கண்ணேன்னு சொன்னான். பக்கத்துல பெரிய வெங்காய மூட்டை அடுக்கியிருந்துச்சு. எனக்கு முன்னாடி அதை நிறுத்தான், அப்புறம் என்னை.

— ஸ்லிப்புல என்ன எழுதியிருந்துச்சு?

— அதான் உனக்குத் தெரியுமே.

— உங்க வாயால கேக்கணும்.

— ஒரு உருப்படி. நூத்தி முப்பத்தெட்டு கிலோ. நல்ல நிலைமையில் உள்ளது.

— அதைப் பார்த்துட்டு டாக்டரம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே... அந்தக் கடைசி வரியைத்தான் நம்பல.

— நில்லு... நில்லு பிரிஜட். இந்தப் போஸ்டைப் பிடிச்சுக்கறேன்.

— ரெண்டு போஸ்டு தாண்டல, மூச்சைப் பாருங்க. பேசாம பஸ்ஸுல போயிருக்கலாம்.

— பஸ்ஸுல பேச முடியாது. எல்லாரும் நம்ம பாஷைக்காரங்களா ஏறுவாங்க.

— அப்படி என்ன ரகசியம்? ...ஏங்க, ஒண்ணு கேக்கணும். நேத்து யாருக்காவது போன் பண்ணீங்களா?

— நேத்தா? இல்லியே. ஏன்?

— சும்மாதான். நம்ம கோயில் சவரிராஜ் அண்ணனுக்குப் பண்ணீங்களோன்னு.

— இல்ல... ஆமா, பண்ணணும்னு நினைச்சேன். மறந்துட்டேன்.

— சரி. மெதுவா வாங்க.

— நீ என்ன சாப்பிட்ட காலையில?

— சாப்பிட்டேன்.

— என்ன சாப்பிட்ட?

— இட்டிலி. ஏன், இதென்ன போலீஸ் விசாரணை? நான் என்னிக்கு என்ன சாப்பிட்டேன்னு நீங்க கேட்டிருக்கீங்க?

— கேக்கல. அது தப்புதான். ...அதோ, அந்த பெஞ்சு. திடலைப் பார்த்த மாதிரி உட்காருவோம்.

— இருங்க, துடைக்கிறேன். மழைத் தண்ணி. ...ம், உட்காருங்க. முட்டியை நீட்டுங்க, நீவி விடறேன்.

— ரோட்டுலயா? விடு.

— ரோட்டுலதான். மூணு வருஷமா இந்த முட்டியாலதான எல்லாம்.

— முட்டி என்ன பண்ணும், பாவம். அது தாங்குற வரைக்கும் தாங்குச்சு. எண்பத்தஞ்சு திருநாள்ல... உனக்கு ஞாபகம் இருக்கா?

— மறக்கிற காட்சியா அது?

— முன் கொம்பு, இடது தோள். எங்கப்பா தூக்குன இடம். அவருக்கப்புறம் பத்தொன்பது வருஷம் நான். கோயிலைச் சுத்தி வந்தாச்சு, வாசல்ல திரும்பணும். அவ்வளவுதான் பாக்கி. முட்டி மடங்கிருச்சு. சப்பரம் சாய்ஞ்சுது. மாதா கிரீடம் காதுக்கு மேல வந்துருச்சு.

— ஜனமெல்லாம் அம்மான்னு கத்துச்சு. நான் மாதா சுரூபத்தைப் பார்க்கல. உங்களைத்தான் பார்த்தேன்.

— மறுவருஷம் ஃபாதர் நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்லல. மெகாஃபோனைக் கையில குடுத்து, இஞ்ஞாசி, நீங்க ஜெபமாலை சொல்லிட்டு முன்னால போங்கன்னாரு.

— நீங்களும் சொன்னீங்க. அருள் நிறைந்த மரியேன்னு ஆரம்பிப்பீங்க, வாழ்கன்னு வர்றதுக்குள்ள ரெண்டு பஸ்ஸு போயிடும்.

— நீ சிரிக்கிற.

— சிரிக்காம என்ன செய்ய? அந்த மெகாஃபோன்ல உங்க இரைப்பு வாட்டர்லூ ஸ்ட்ரீட் வரைக்கும் கேட்டுச்சு.

— என் இடத்துல இப்ப எட்மண்ட் நிக்கிறான். இருபத்தாறு வயசு. நல்லாத்தான் தூக்கறான். ஆனா பாரு... திரும்பும்போது ஒரு பாரம் வரும். எல்லாப் பாரமும் இடது முன் கொம்புக்குத்தான் வரும். ஒரு நிமிஷம், ஒண்ணரை நிமிஷம். கழுத்து நரம்பு தெறிச்சுரும்போல இருக்கும். அப்ப மாதா என் தோள்ல மட்டும் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும் பிரிஜட். வேற யார் தோள்லயும் இல்ல. அதை ஒரு தடவை... இன்னும் ஒரே ஒரு தடவை.

— பிப்ரவரியில தூக்குவீங்க. டாக்டரம்மா சொன்னாங்கள்ல? ஆறு மாசத்துல முப்பது கிலோ. இது ஆகஸ்டு. எண்ணிப் பாருங்க.

— நீ எண்ணிட்டியா?

— தினம் எண்றேன்.

— ஆபரேஷன் டேபிள்லயே போயிட்டா?

— அப்படியெல்லாம் பேசாதீங்க.

— அவங்களே சொன்னாங்களே. பேப்பர்ல எழுதிக் கையெழுத்தும் வாங்கிட்டாங்க.

— செய்யாட்டி என்ன ஆகும்னும் சொன்னாங்க. இருதயம் இப்பவே திணறுது, இப்படியே விட்டா அஞ்சு வருஷம் தாங்கறது கஷ்டம்னாங்க. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

— டோபி காட் ஸ்டேஷன் கேட்டுல மாட்டுனதைவிடவா கஷ்டம்?

— ஐயோ, அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்தறீங்க.

— எம்ஆர்டி ரயில் திறந்த புதுசு, ஆசையாப் போனோம். நீ அந்தப் பக்கம் போயிட்ட. நான் நடுவுல நிக்கிறேன். முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. பின்னாடி ஒரு வரிசையே சாரி, சாரின்னு நிக்குது.

— அந்தப் பையன் வந்து அகலக் கதவைத் திறந்து விட்டான்ல. குழந்தை வண்டி, சாமான் எல்லாம் போற கதவு.

— சாமானோட சாமானா வந்தேன். அந்தப் பக்கம் நீ நின்னுக்கிட்டு கையை நீட்டின. அப்பதான் முதல்ல நினைச்சேன், இந்த உடம்பை இறக்கி வச்சே ஆகணும்னு.

— அப்ப திங்கட்கிழமை போவோம்.

— ...போகாட்டி என்ன?

— ஏங்க அப்படிக் கேக்குறீங்க?

— சும்மா கேட்டேன்.

— சும்மாவா கேட்டீங்க? என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. போகணுமா, வேணாமா? மனசுல என்ன இருக்கு?

— உன் மனசுல என்ன இருக்கு? அதைச் சொல்லு முதல்ல.

— என் மனசா... சொன்னா கோபப்படக்கூடாது.

— படல.

— பயமா இருக்கு. ஆபரேஷனுக்கு இல்ல. அதுக்கப்புறம். திங்கட்கிழமைக்கப்புறம் அந்த வீட்டுல எனக்கு என்ன வேலை? காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சா, இன்னிக்கு இவருக்கு என்ன செய்யலாம்னுதான் முதல் நினைப்பு வரும். கருவாடா, கத்திரிக்காயான்னு. இனிமே நாலு ஸ்பூனுக்கு என்ன யோசிக்கறது? ஒரு கத்திரிக்காயில கால்வாசி போதும். மீதி முக்காலை என்ன பண்றது?

— பிரிஜட்...

— எனக்கு வேற என்னங்க தெரியும்? இங்கிலீஷ் தெரியாது, வேலைக்குப் போகல. வீடு ரொம்ப நாலு பிள்ளை இருந்திருந்தா...

— வேணாம். அதை எடுக்காத.

— எடுக்கல. வாயில வந்துருச்சு.

— நான் ஒண்ணு சொல்லவா? இதுவரைக்கும் சொன்னதில்ல. நீயும் கோபப்படக்கூடாது.

— சொல்லுங்க.

— மூணாவது பிள்ளையும் தங்காமப் போய், டாக்டரு இனிமே வேணாம்னு சொல்லிட்டாரு. வீட்டுக்கு வந்தோம். ஒரு மாசம் நீ எதுவும் பேசல. அப்புறம் ஒருநாள் தேக்கா மார்க்கெட்டுல போய் ஒரு பெரிய பானை வாங்கிட்டு வந்த.

— அந்த அலுமினியப் பானை.

— அன்னியிலருந்து ஆறு பேருக்கு சமைச்ச. வீட்டுல இருக்கிறது ரெண்டு பேரு. முதல் நாள் நான் எப்பவும் சாப்பிடற அளவு சாப்பிட்டுட்டு எந்திரிச்சுட்டேன். தண்ணி குடிக்க வந்தேன். நீ அடுப்படியில உட்கார்ந்திருந்த. மடியில அந்தப் பானை. மிச்சச் சோத்தைப் பார்த்துக்கிட்டு... சத்தம் வராம அழுதுக்கிட்டு இருந்த.

— நீங்க பார்த்தீங்களா?

— பார்த்தேன். நீ என்னைப் பார்க்கல. அன்னிக்கு முடிவு பண்ணேன், அந்தப் பானையில மிச்சம் வைக்கக் கூடாதுன்னு. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல.

— அப்ப... பசியில சாப்பிடலையா? இத்தனை வருஷமும்?

— முதல் ரெண்டு தட்டு பசி. மூணாவது தட்டு உனக்காக.

— ஐயோ... மாதாவே.

— அழாத. ரோட்டுல அழாத.

— நான்தான அப்ப. அந்த முட்டியை மடக்கினது நான்தான. கிரீடம் சாய்ஞ்சது என்னாலதான. நான் கூட்டத்துல நின்னு பார்த்துக்கிட்டு...

— இல்ல. ருசியா இருந்துச்சு, அதையும் சொல்லணும்ல. உன் கையில உப்பும் புளியும் ஒருநாள் பிசகினதில்ல. கொஞ்சம் மோசமா சமைச்சிருந்தா நானும் ரெண்டாவது தட்டுலயே நிறுத்தியிருப்பேன்.

— விளையாடாதீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சின்னப் பானையில வச்சிருப்பேன்ல.

— சொல்ல மனசு வரல. நீ பரிமாறும்போது உன் முகம் இருக்கே... அதைப் பார்க்க இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டின்னு... அது எனக்கும் வேணும்னு இருந்துச்சு. உனக்காக மட்டும்னு சொன்னா பொய். கண்ணைத் துடை. இப்ப என் கேள்வி. உன் வளையல் எங்க?

— எந்த வளையல்?

— எங்கம்மா போட்டது. இருபத்திரண்டு வருஷமா கழட்டாதது.

— அது... கழட்டி வச்சிருக்கேன். சோப்பு போட்டுக் கழுவலாம்னு.

— கழட்டல. விழுந்துச்சு. புதன்கிழமை நீ பாத்திரம் கழுவும்போது சிங்க்ல விழுந்த சத்தம் எனக்கு ஹாலுக்குக் கேட்டுச்சு. முன்னெல்லாம் எண்ணெய் போட்டு இழுத்தாக்கூட வராது.

— வெயில் காலம். கை இளைக்கும்.

— சிங்கப்பூர்ல எது வெயில் காலம், எது மழைக் காலம்? ரவிக்கை லூஸாகிப் பக்கவாட்டுல ஊக்கு குத்தியிருக்க. கன்னம் ஒட்டிப் போச்சு. அஜீஸ் பார்த்த உடனே சொல்றான். உங்கக்கா உர்சுலாவுக்கும் முதல்ல வளையல்தான் விழுந்துச்சு, பிரிஜட். அஞ்சு மாசத்துல கொண்டு போய் மண்ணைப் போட்டோம்.

— ஏங்க, அப்படியெல்லாம்...

— குறுக்க பேசாத. ஒரு வாரமா தொண்டையில வச்சிருக்கேன். தோள்ல வைக்கிற சும்மாட்டுத் துணி, நீ பழைய பட்டுல தைச்சுக் குடுத்தியே, அதை சும்மா ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம்னு அடுப்படி டிராயரைத் திறந்தேன். துணிக்கு அடியில ஒரு கப்பு. சின்ன பிளாஸ்டிக் கப்பு. கோடு கோடா அளவு போட்டு, ஆஸ்பத்திரி பேரு போட்டு. மருந்து ஊத்திக் குடிக்கிற கப்பு. ஈரமா இருந்துச்சு.

— அதுவா...

— மறுநாள் பார்த்தேன், ஈரம். அதுக்கு மறுநாளும் ஈரம். நீ என்கிட்ட சொல்லாம ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க. மருந்து குடிக்கிற. என் ஆபரேஷன் முடியட்டும்னு மறைச்சு வச்சிருக்க. என்ன வியாதி? எந்த இடத்துல? எத்தனை நாளா? இப்பச் சொல்லு. சொல்லாம இந்த பெஞ்சை விட்டு நான் எந்திரிக்க மாட்டேன்.

— ...

— ஏன் சிரிக்கிற?

— சிரிக்கல...

— சிரிக்கிற. அழுதுக்கிட்டே சிரிக்கிற. பிரிஜட், எனக்குப் பயமா இருக்கு.

— வியாதியெல்லாம் இல்லங்க. மாதா சத்தியமா இல்ல. அது மருந்துக் கப்பு இல்ல, சோத்துக் கப்பு.

— என்னது?

— போன மாசம் உங்களை எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போனாங்கள்ல? அப்ப சாப்பாட்டுக் கணக்கு சொல்ற பொண்ணு, லட்சுமின்னு பேரு, என்னைத் தனியாக் கூப்பிட்டு உட்கார வச்சா. வீட்டுல சமைக்கிறது யாரு, அவங்கதான் தெரிஞ்சுக்கணும்னா. இந்தக் கப்பைக் குடுத்தா. ரெண்டாவது கோடு வரைக்கும் ரொப்பினா நாலு ஸ்பூன். ஆபரேஷனுக்கப்புறம் உங்களுக்கு ஒரு வேளைக்கு அவ்வளவுதான்னா.

— சரி. அது எனக்கு. ஏன் ஈரமா இருந்துச்சு?

— மூணு வாரமா நான் அதுலதான் சாப்பிடறேன்.

— ...எதுல?

— அந்தக் கப்புல. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.

— உனக்குப் பைத்தியமா? உனக்கு யாரு சொன்னா? நீ எதுக்கு?

— இருபத்திரண்டு வருஷத்துல உப்புப் பார்க்காம ஒரு குழம்பை உங்களுக்கு ஊத்தியிருக்கேனா? எதுவா இருந்தாலும் ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நக்கிப் பார்த்துட்டுத்தான ஊத்துவேன்? ஆயுசுக்கும் உங்களை நாலு ஸ்பூன்ல நிறுத்தப் போறேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரிய வேணாமா? அதையும் ஒரு தடவை பார்த்துட்டுப் போடலாம்னுதான்.

— மூணு வாரமா... எனக்குத் தெரியலையே.

— எப்படித் தெரியும்? நீங்க சாப்பிட்டு, கை கழுவி, ஹாலுக்குப் போய் பேப்பரை விரிச்சப்புறம்தான நான் உட்காருவேன்? எங்கம்மா அப்படித்தான் வளர்த்தாங்க.

— இருபத்திரண்டு வருஷம். நீ சாப்பிட்டு நான் பார்த்ததே இல்ல.

— பார்க்க என்ன இருக்கு?

— இருக்கு. ...எப்படி இருந்துச்சு? பொய் சொல்லாம சொல்லு. நாலு ஸ்பூன்.

— முதல் வாரம் கையெல்லாம் நடுங்குச்சு. பக்கத்து வீட்டுல சம்சுன்னிசா ரெண்டாங் கறி கிண்டி வாசம் வந்தா, கதவைச் சாத்திட்டு ஜெபமாலையைக் கையில எடுத்துருவேன். ரெண்டாவது வாரம் பசி கொஞ்சம் அடங்கிப் போச்சு. உங்களுக்கு வயிறே சின்னதாயிடும், அதனால பசி இவ்வளவுகூடத் தெரியாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. ஆனா ஏக்கம் அடங்கலைங்க. கப்பு காலியானதும் அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். பசி வேற, ஏக்கம் வேறன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

— அப்புறம்?

— அப்புறம் ஒண்ணு கண்டுபிடிச்சேன். மெதுவா சாப்பிட்டா நாலு ஸ்பூனை அரை மணி நேரம் சாப்பிடலாம். மீன் குழம்பை நல்லா சுண்ட வச்சு, அரை ஸ்பூன் சோத்துல பிசைஞ்சு, ஓரத்துல ஒரு துளி ஊறுகாய். வாயிலயே வச்சிருந்தா... நல்லாத்தான் இருக்குங்க. முடியும். கஷ்டம்தான், ஆனா முடியும். நான் செஞ்சு தர்றேன்.

— இதுக்காடி வளையலை விழ விட்ட?

— நீங்க சப்பரத்தைத் தோள்ல தூக்கறப்போ நான் வளையலைத் திரும்ப மாட்டிக்கறேன்.

— இந்தா, இந்தப் பையை நீயே பிடி. இனிமே தூக்கலாம். நெஞ்செலும்பு உனக்குத்தான் வாங்கினேன். சூப்பு வச்சு நானே ஊத்திக் குடுக்கணும்னு.

— எனக்கா? நான் என்னமோன்னு நினைச்சேன்...

— என்ன நினைச்ச?

— விடுங்க. உங்களுக்கு சூப்பு வைக்கத் தெரியுமா?

— தெரியாது. நீ பக்கத்துல உட்கார்ந்து சொல்லு. நாளைக்கு ஒரே மேசையில உட்காருவோம். நீ தட்டு நிறைய சாப்பிடற, நான் பார்க்கறேன். திங்கட்கிழமைக்கப்புறம் நான் கப்புல சாப்பிடறேன், நீ பாரு. நீ நல்லா சாப்பிட்டாத்தான் என் நாலு ஸ்பூன் இறங்கும்.

— திங்கட்கிழமைக்கப்புறமா?

— ஆமா. ...பிரிஜட், உன்கிட்ட பத்து காசு இருக்கா?

— எதுக்கு?

— அந்த பஸ் ஸ்டாப்புல பப்ளிக் போன் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடணும். வார்டுல யாராவது எடுப்பாங்க.

— இப்ப என்ன அவசரம்?

— கோபப்படாத. நேத்து போன் பண்ணலைன்னு சொன்னேன்ல, பண்ணேன். மத்தியானம் ஆபீஸ்லருந்து கூப்பிட்டு, திங்கட்கிழமை நான் வரல, பேரை எடுத்துருங்கன்னு சொல்லிட்டேன். நீ சாகக் கிடக்கறன்னு நினைச்சுக்கிட்டு நான் எப்படிம்மா போய் அங்க படுப்பேன்? உன்னைத் தூக்க ஆள் வேணாமா? இப்ப பேசி, வர்றேன்னு சொல்லணும். அந்த இடத்தை வேற யாருக்கும் குடுக்காம இருக்கணும். காசைக் குடு, சீக்கிரம்.

— உட்காருங்க. காசு வேணாம். நேத்து நாலு மணிக்கு நர்ஸு வீட்டுக்கே போன் பண்ணா. உங்க வீட்டுக்காரர் வரலையாமே, நிச்சயமான்னு கேட்டா. எனக்கு... சந்தோஷமா இருந்துச்சுங்க. என் சாப்பாட்டை விட மனசில்லாமதான் வேணாம்னு சொல்லியிருக்கீங்கன்னு நினைச்சேன். போனை வச்சுட்டு ஓடிப் போய் அந்தப் பெரிய பானையை இறக்கினேன். தேங்காயைக்கூட உடைச்சுட்டேன், பாதி மூடி துருவிட்டேன். அப்புறம் கையைத் துடைச்சுட்டு வந்து, நானே திரும்பக் கூப்பிட்டு, அவரு தெரியாம சொல்லிட்டாரு, திங்கட்கிழமை எட்டு மணிக்கு நானே கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டேன்.